சந்தை ஆய்வு வேலை: கோலாலம்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறையில் 20 வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் செந்தூல், ஜிஞ்சாங், பூச்சோங் பக்கம் கதவு தட்டிக் கேள்வி கேட்டேன். அப்புறம், சிலரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்கும் குழு உரையாடல் நடத்தினேன். இப்போது புதியவர்களை வேலைக்கு எடுப்பதும் என் பொறுப்பில் இருக்கிறது. கல்யாண வீட்டில், கோயிலில், தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளில் பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வந்து மனு போடும் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் இந்த வேலைக்கு வேண்டிய பாதி சரக்கு நம் வீட்டிலேயே இருக்கிறது.

சந்தை ஆய்வு என்றால் போன் போட்டுப் பொருள் விற்பதுதானே?

இல்லை. நாங்கள் எதையும் விற்பதில்லை. ஒரு நிறுவனம் புது பிஸ்கட் கொண்டுவரும் முன்பு, ஒரு வங்கி தன் செயலியை மாற்றும் முன்பு, ஒரு அமைச்சு புதுத் திட்டம் போடும் முன்பு, மக்கள் என்ன நினைக்கிறார்கள், உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டறிந்து சொல்வதுதான் வேலை. ஆய்வு என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து கடைசியில் காப்புறுதி விற்பது இந்தத் தொழிலின் நெறிமுறைக்கு நேர் எதிரானது. எசோமார் என்ற அனைத்துலக அமைப்பு 1948-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. ஆய்வையும் விற்பனையையும் கலக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

கோலாலம்பூரில் இந்த வேலை எங்கே கிடைக்கும்?

இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்று ஏஜென்சி, அதாவது பிறருக்காக ஆய்வு செய்து கொடுக்கும் நிறுவனம். நீல்சன்ஐக்யூ, இப்சோஸ், காந்தார் போன்ற பெரிய அனைத்துலக நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 2023-ல் ஜிஎஃப்கே நிறுவனம் நீல்சன்ஐக்யூவோடு இணைந்துவிட்டது, பழைய விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உள்ளூர்ச் சிறு ஏஜென்சிகளும் உண்டு. அரசியல், சமூகக் கருத்துக்கணிப்பில் ஆர்வம் என்றால் மெர்டேக்கா சென்டர் போன்ற அமைப்புகளைப் பாருங்கள். இன்னொன்று கிளையண்ட், அதாவது ஆய்வைக் கேட்டு வாங்கும் நிறுவனத்தின் பக்கம்: வங்கி, தொலைத்தொடர்பு, உணவுப் பொருள், காப்புறுதி நிறுவனங்களுக்குள்ளேயே ஆய்வுப் பிரிவு இருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, முதல் மூன்று வருடம் ஏஜென்சி. ஒரே வருடத்தில் ஷாம்பு, கார், பல்கலைக்கழகம், மருத்துவமனை என்று பத்து விதமான ஆய்வு கைக்கு வரும். வேலை நேரம் நீளம்தான், மறைக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்வது வேகமாக நடக்கும்.

என்ன படித்திருக்க வேண்டும்?

புள்ளியியல், வணிகம், பொருளாதாரம், உளவியல், சமூகவியல், தகவல் ஊடகம் என்று பல வழிகளில் வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் படித்துவிட்டு வந்தவர்களும் இங்கே நன்றாக வர முடியும் என்பது என் உறுதியான எண்ணம். பட்டம் முதல் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். எஸ்பிஎம் தேர்வோடு பள்ளியை முடித்தவர்கள் கள ஆய்வாளராகத் தொடங்கி மேற்பார்வையாளர் ஆனதுண்டு. ஆனால் அறிக்கை எழுதும் பக்கம் போக வேண்டுமானால் டிப்ளோமாவோ பட்டமோ இல்லாமல் இன்றைக்குக் கஷ்டம்.

எனக்குக் கணக்கு வராது. முடியுமா?

கூடுதல் கணிதத்தில் வாங்கிய மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆனால் ஒரு விஷயம் மனத்தில் நன்றாக இறங்க வேண்டும், அதுதான் மாதிரி எடுப்பது: எல்லோரையும் கேட்க முடியாததால் சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மை, ஆனால் பானையைக் கிளறிவிட்டிருந்தால்தான். நம் நாடு ஒரு பானைச் சோறு இல்லை, சோற்றோடு பல கறிகளை வைத்த நாசி சம்பூர்த் தட்டு. ஓரத்தில் ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்து, சம்பலின் காரத்தைச் சொல்ல முடியாது.

எண்ணில் பார்ப்போம். சரியாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் ஒரு கேள்வி கேட்டால், பிழை வரம்பு, அதாவது உண்மை எவ்வளவு விலகியிருக்கலாம் என்பது, ஏறத்தாழ 3 புள்ளி கூடவோ குறையவோ இருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. ஆக, அந்த 1,000 பேரில் நம்மவர்கள் 67 பேர்தான் இருப்பார்கள். அந்த 67 பேரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பிழை வரம்பு 12 புள்ளிக்குப் போய்விடுகிறது. "இந்தியர்களில் 48 விழுக்காட்டினருக்குப் பிடித்திருக்கிறது" என்று ஸ்லைடில் போட்டால், உண்மை 36 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இந்தியர்களை மட்டும் கூடுதலாகப் பேட்டி எடுத்து 200 ஆக்கினால் வரம்பு 7 புள்ளிக்கு இறங்கும். மொத்தக் கணக்குப் பார்க்கும்போது எடை போட்டு, அதாவது அவர்களுடைய ஒவ்வொரு பதிலையும் குறைத்து எண்ணி, அவர்களுடைய பங்கை மறுபடி 6.7-க்குக் கொண்டுவந்துவிடலாம். இதற்குச் செலவாகும் என்பதால் பல கிளையண்டுகள் வேண்டாம் என்பார்கள். அப்போது அந்த அறையில் இருக்கிற ஒருவர், "இந்த 67 பேரை வைத்து ஒரு சமூகத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்" என்று எழுந்து சொல்ல வேண்டும். சொல்லத் தெரிகிற அளவுக்குக் கணக்கு வந்தால் போதும். அந்த அளவு எல்லோருக்கும் வரும்.

மாதிரி பெரிதாக இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு பிரபல வார இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அவர்கள் பெயர்களை எடுத்தது தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். அந்தக் காலத்தில் அந்த இரண்டிலும் ஏழைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கருத்துக்கணிப்பாளர் கேலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துச் சரியாகச் சொன்னார்.

தமிழ் தெரிந்திருப்பது உண்மையிலேயே உதவுமா, அல்லது ஆறுதலுக்குச் சொல்கிறீர்களா?

உதவும். ஒரு சம்பவம் சொல்கிறேன். பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால் பற்றிய ஆய்வு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அறையில் எட்டு இல்லத்தரசிகளை உட்காரவைத்து ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினோம். எல்லோரும் அடிக்கடி வாங்குவதாகச் சொன்னார்கள். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்த கிளையண்டுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் அவர்களில் மூன்று பேருடைய வீட்டுக்குப் போனேன். கிள்ளானில் ஒரு அக்கா வீட்டில், சமையலறை முக்காலியில் உட்கார்ந்து தமிழில் பேசத் தொடங்கினோம். அரை மணி நேரம் கழித்து அவரே குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். தேங்காய்ப்பால் பெட்டி இருந்தது, பின்பக்கம், பிரிக்காமல். முன்பக்கம் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில், அன்று காலை கடையில் பிழிந்து வாங்கிய பால். "அது அவசரத்துக்குத் தம்பி. எங்க மாமியார் இருக்கிற வரைக்கும் அதை ஊத்தி ஆப்பம் சுட முடியாது" என்றார்.

அந்த ஒரு வரி எட்டுப் பேர் பேசிய இரண்டு மணி நேரத்தைவிடப் பெரியது. ருசியிலோ விலையிலோ குறை இல்லை, மாமியாரின் கண்ணில்தான் சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அந்த வரி வந்திருக்காது. விருந்தாளி மனம் நோகக் கூடாது என்பதற்காக "நல்லா இருக்கு" என்று சொல்வது நம் பழக்கம். அந்த "நல்லா இருக்கு"வில் எது உண்மை, எது மரியாதை என்று கண்டுபிடிக்க, அதே வீட்டுப் பேச்சில் வளர்ந்த காது வேண்டும்.

தமிழ் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலாய் சரளமாக வர வேண்டும், அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்றும் உள்ளவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை ஒரு திறமையாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை, மனுவில்கூட எழுதுவதில்லை. எழுதுங்கள். "தமிழில் பேட்டி எடுக்கவும் தட்டச்சு செய்யவும் தெரியும்" என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேள்வித்தாளை மொழிபெயர்ப்பதுதான் தமிழ் வேலையா?

அது ஒரு பகுதி, பார்ப்பதைவிடக் கடினம். "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று தமிழில் கேட்டால், ஜொகூரில் கட்டிக்கொடுத்த மகளையும் சேர்த்துச் சொல்வார்கள். புள்ளிவிவரத்தில் கேட்பது ஒரே வீட்டில் இருந்து, சாப்பாட்டுச் செலவைச் சேர்ந்து பார்க்கிறவர்களை. அதனால் "இந்த வீட்டில் தங்கி, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?" என்று மாற்றினோம். அப்புறம்தான் எண் சரியாக வந்தது. இன்னொன்று: ஐந்து படி அளவுகோலில் இரண்டாவது நல்ல படிக்கு யாரோ "ஓரளவு திருப்தி" என்று போட்டிருந்தார்கள். நம் காதில் "ஓரளவு" என்றால் குறை இருக்கிறது என்றுதான் விழும். மலாய், சீனம் பேசுவோரைவிட நம்மவர்களுடைய மதிப்பெண் குறைவாக வந்ததற்குக் காரணம் அந்த ஒரு சொல். வெறும் "திருப்தி" என்று மாற்றியதும் வித்தியாசம் போய்விட்டது.

பகுதிநேரக் கள வேலை எப்படி இருக்கும்?

கால் வலிக்கும். பெரும்பாலும் முடித்த ஒவ்வொரு பேட்டிக்கும் இவ்வளவு என்று பணம். சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: பெட்ரோல், டோல் காசு தனியா? பாதியில் நின்றுபோன பேட்டிக்கு என்ன? பணம் எத்தனை நாளில் வரும்? நான் தொடங்கிய காலத்தில் ஒரு சிறு ஏஜென்சி மூன்று மாதம் இழுத்தடித்தது. ஆகவே எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஊரின் நேரங்காலம் தெரிந்தால் பாதி சிரமம் குறையும். நோன்பு மாதத்தில் மாலை 6 மணிக்கு மேல் மலாய்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது, நோன்பு திறக்கத் தயாராகும் நேரம். ருசி பார்க்கும் ஆய்வை அந்த மாதம் பகலில் வைக்கவே முடியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் நம் வீடுகளில் பலகார வேலை, பேட்டிக்கு யாரும் உட்கார மாட்டார்கள். கொண்டோமினியங்களில் பாதுகாவலர் உள்ளே விடமாட்டார். அதற்காக எளிதாக ஏறிப்போகக்கூடிய அடுக்குமாடி வீடுகளிலேயே எண்ணிக்கையை நிரப்பினால், 1936-ல் நடந்தது தலைகீழாக நடக்கும்: வசதியானவர்கள் மாதிரியிலேயே இருக்கமாட்டார்கள். நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் போட்டு அனுமதி வாங்குவதுதான் வழி.

பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகு தனியாகப் போக வேண்டாம். இருவராகப் போக ஏற்பாடு செய்யாத மேற்பார்வையாளரிடம் வேலை செய்யாதீர்கள்.

கேள்வித்தாளை நாமே நிரப்பிக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

இதை ஒரு பையன் என்னிடம் நேராகவே கேட்டான். தெரியும். பேட்டி கொடுத்தவர்களில் ஒரு பகுதியினரை மறுபடி அழைத்துச் சரிபார்ப்பார்கள். டேப்லெட்டில் இடமும் நேரமும் பதிவாகும். 25 நிமிடப் பேட்டி 6 நிமிடத்தில் முடிந்திருந்தால் கணினியே காட்டிக்கொடுக்கும். ஒருமுறை நான் மேற்பார்வையாளராக இருந்தபோது, ஒரே மாமாக் கடையில் உட்கார்ந்தபடி 14 பேட்டிகள் "முடிந்திருந்தன". 14 பேரும் ஒரே பல்பொடி பிராண்டைச் சொல்லியிருந்தார்கள். மொத்தத்தையும் தூக்கிப் போட்டு, ஒரு வாரம் நானே அலைந்து திரும்ப எடுத்தேன்.

பிடிபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண்களை நம்பி ஒருவர் தொழிற்சாலையில் இயந்திரம் வாங்குகிறார், இன்னொருவர் உதவித்திட்டத்தை நிறுத்துகிறார். நாம் கற்பனையாகப் போட்ட டிக், நிஜமான ஒரு மனிதர் பேசியிருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

வேலைக்கான இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

நான் ஒரு வரியைக் கொடுத்து, என்ன தவறு என்று கேட்பேன்: "இந்தக் கடையின் விலையும் சேவையும் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டியிருக்கிறது என்று சொன்னால் நல்லது. விலை பிடித்து சேவை பிடிக்காதவர் என்ன பதில் சொல்வார் என்று திருப்பிக் கேட்டால் இன்னும் நல்லது.

அடுத்து ஒரு அட்டவணை. போன வருடம் 200 பேரில் 51 விழுக்காடு, இந்த வருடம் வேறு 200 பேரில் 54. "வளர்ச்சி" என்று எழுதுகிறவர்கள் அதிகம். இந்த அளவு மாதிரிக்கு ஏறத்தாழ 10 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் உறுதியாகப் பேசலாம், "மாற்றம் இருப்பதாகச் சொல்ல முடியாது" என்பதே சரியான பதில். அப்படி எழுதத் தைரியம் வேண்டும், நாங்கள் பார்ப்பதும் அந்தத் தைரியத்தைத்தான்.

கடைசியாக, சமீபத்தில் நீங்கள் வாங்கிய ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சொல்வேன். ஏன் அதை எடுத்தீர்கள், பக்கத்தில் எது இருந்தது, யார் சொன்னார்கள் என்று கவனித்துச் சொல்கிற பிள்ளைக்கு மற்றதை நாங்கள் கற்றுக்கொடுத்துவிடலாம்.

என்ன மென்பொருள் தெரிய வேண்டும்?

எக்செல், முக்கியமாகத் தரவைச் சுருக்கி அட்டவணையாக்கும் பிவட் டேபிள். அதன் பிறகு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள். தரவுப் பக்கம் போக ஆசை என்றால் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி, தரவை வரைபடமாகக் காட்டும் பவர் பிஐ. பழகுவதற்குத் தரவு வேண்டுமா? புள்ளிவிவரத் துறையின் ஓபன்டோசம் தளத்தில் விலைவாசி, வேலை, மக்கள்தொகைத் தரவெல்லாம் இலவசமாக இருக்கிறது. உங்கள் மாவட்டத்தை எடுத்து இரண்டு பக்கம் எழுதி மனுவோடு இணைத்துப் பாருங்கள். பத்துச் சான்றிதழைவிட அதை நான் கவனமாகப் படிப்பேன்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா?

பதிவு செய்ததை எழுத்தாக்குவது, ஆயிரம் பதில்களை வகைப்படுத்துவது போன்ற வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதில் வருத்தம் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பேச்சு அதற்கு இன்னும் சவால்தான். "சாப்பாடு ஓகேலா, ஆனா மஹால்" என்று ஒருவர் எழுதினார். வெளிநாட்டில் வகைப்படுத்திய மனிதர்களே அதைக் கல்யாண மண்டபம் என்று எடுத்துக்கொண்டு "இடம்" என்ற தலைப்பில் போட்டுவிட்டார்கள். இங்கே வளர்ந்த யாருக்கும் தெரியும், அது மலாய்ச் சொல், விலை அதிகம் என்று அர்த்தம். இயந்திரம் கொடுப்பதைச் சரிபார்க்கிற ஆள், கேள்வியைச் சரியாகக் கேட்கிற ஆள், இருவருக்கும் தேவை கூடத்தான் செய்யும்.

சட்டப்படி எதைக் கவனிக்க வேண்டும்?

2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். உடல்நலம், சமயம், அரசியல் கருத்து என்றால் வெளிப்படையான சம்மதம் தேவை. பேட்டி கொடுத்த அம்மாவின் போன் எண்ணை உங்கள் சொந்தக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தீபாவளி வாழ்த்து அனுப்புவதுகூடச் சரியில்லை.

சம்பளம்?

மாதச் சம்பள ஊழியருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2025 முதல் 1,700 ரிங்கிட். பட்டதாரிக்கு அதற்கு மேல்தான் தருவார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு பேட்டிக்கு இவ்வளவு என்று வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி தரும் இபிஎப் சேமநிதிப் பங்கு பெரும்பாலும் கிடையாது. அவர்கள் இபிஎப்பின் ஐ-சாரான் திட்டத்தில் தாங்களே பணம் போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராமில் "கருத்துக்கணிப்பு செய்தால் தினமும் 300 ரிங்கிட்" என்று வருகிறதே?

மோசடி. உண்மையான ஆய்வில் நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை, வங்கிக் கடவுச்சொல்லோ, பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்தும் டேக் எண்ணோ யாரும் கேட்கமாட்டார்கள். முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே உங்கள் வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கும் அழையுங்கள். வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினால் பணம் கைமாறிப் போய்விடும்.

எனக்கு 45 வயது, பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். இப்போது தொடங்கலாமா?

தாராளமாக. குழு உரையாடலுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ரெக்ரூட்டர் வேலைக்கு ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர்கள்தான் வேண்டும். ஆனால் தெரிந்தவர்களையே அனுப்பக் கூடாது, ஒரே ஆளை மாதத்துக்கு மூன்று ஆய்வுக்கு அனுப்பக் கூடாது, என்ன பதில் சொன்னால் தேர்வாகலாம் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. நான் முன்பு சொன்ன கிள்ளான் அக்கா இப்போது இந்த வேலையைத்தான் செய்கிறார். தேங்காய்ப்பால் ஆய்வு முடிந்து ஆறு மாதம் கழித்து அலுவலகத்துக்கு அழைத்து, "உங்களுக்கு வேலை இருக்கிறதா?" என்று அவரே கேட்டார். அவர் அனுப்பும் ஆட்களின் பட்டியலில், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கும்: "இவங்க பேசமாட்டாங்க, முதல்ல டீ குடுங்க."